நீலத்திரை அடிக்கடி வருகிறதா? ஃபார்மட் போடுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்

எங்கள் வீட்டு டெஸ்க்டாப் ஒரு மே மாதம் முழுக்க வாரத்துக்கு நான்கைந்து தடவை நீலத்திரை காட்டிவிட்டுத் தானாக ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டிருந்தது. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். "ஃபார்மட் போட்டா சரியாயிடும் சார்" என்றார்கள், 500 ரூபாய் வாங்கிக்கொண்டு போட்டும் கொடுத்தார்கள். 2 நாள் நன்றாக ஓடியது, மூன்றாம் நாள் மறுபடியும் நீலம். மறுபடியும் கடை, மறுபடியும் ஃபார்மட், மறுபடியும் 500. இரண்டாவது தடவை வண்டியில் சிபியூவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து வந்த என் மனைவிதான் கேட்டாள்: "எதனால வருதுன்னு யாராவது பாத்தாங்களா?" யாரும் பார்க்கவில்லை. நானும்தான் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் நானே உட்கார்ந்து பார்த்துக் கண்டுபிடித்தேன். அன்றிலிருந்து சொந்தக்காரர், அக்கம்பக்கம் என்று பத்துப் பதினைந்து கம்ப்யூட்டர்களைப் பார்த்திருப்பேன். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். கம்ப்யூட்டர் படித்தவராக இருக்க வேண்டியதில்லை, ஒரு ஸ்க்ரூடிரைவரும் பொறுமையும் போதும். பொறுமை கொஞ்சம் கூடவே வேண்டும்.

முதலில், அது என்ன?

விண்டோஸின் மையப்பகுதிக்குக் கர்னல் என்று பெயர். அங்கே சமாளிக்கவே முடியாத தப்பு ஒன்று நடந்தால், தொடர்ந்து ஓடினால் உங்கள் ஃபைல்களே கெட்டுப்போகலாம் என்று எல்லாவற்றையும் அப்படியே நிறுத்திவிடுகிறது. அதன் அறிவிப்புதான் நீலத்திரை. 2012ல் விண்டோஸ் 8 வந்தபோது அதில் சோக முகம் சேர்ந்தது, பிறகு கியூஆர் கோடு சேர்ந்தது, 2025ல் விண்டோஸ் 11 அப்டேட் ஒன்றில் இரண்டையும் எடுத்துவிட்டு நிறத்தையே கறுப்பாக்கிவிட்டார்கள். அதனால் உங்களுடையது கறுப்பாக இருந்தாலும் இந்தக் கட்டுரை உங்களுக்கும்தான்.

வருடத்துக்கு ஒரு தடவை வந்தால் விட்டுவிடுங்கள். வாரத்துக்கு இரண்டு தடவை வந்தால் காரணம் இருக்கிறது, தேடினால் கிடைக்கும்.

இன்னொன்று, விண்டோஸைத் திட்டுவதற்கு முன் யோசியுங்கள். 2024 ஜூலை 19 அன்று உலகம் முழுக்க ஏறக்குறைய 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் நீலத்திரையில் நின்றன, இந்திய விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள், நினைவிருக்கும். அதற்குக் காரணம் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு கோளாறான அப்டேட். நீலத்திரை காட்டியது விண்டோஸ், தப்பு வேறிடத்தில். வீட்டிலும் பெரும்பாலும் இதே கதைதான்: ஏதோ ஒரு டிரைவர் (ஒரு பாகத்தை விண்டோஸ் இயக்க உதவும் சின்ன மென்பொருள்), இல்லையென்றால் ஏதோ ஒரு பாகம்.

அப்புறம், பிரவுசரில் ஏதோ ஒரு பக்கம் திறந்ததும் நீலமாக வந்து, கூவென்று சத்தம் போட்டு, "உடனே இந்த நம்பருக்கு ஃபோன் செய்யுங்கள்" என்று சொன்னால் அது நீலத்திரையே இல்லை, மோசடி. உண்மையான நீலத்திரையில் ஃபோன் நம்பர் வராது, சத்தமாகப் பேசவும் செய்யாது. எஸ்கேப் கீயை அழுத்திப் பிடியுங்கள். போகவில்லையென்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை மூடுங்கள். வேறு ஒன்றும் செய்ய வேண்டாம்.

கை வைப்பதற்கு முன் இரண்டு வேலை

ஃபோட்டோ, பிள்ளைகளின் சர்டிஃபிகேட் ஸ்கேன், கணக்கு ஃபைல், எது போனால் அழுவீர்களோ அதையெல்லாம் வெளி ஹார்ட் டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ காப்பி எடுங்கள். எடுத்ததில் நாலைந்தைத் திறந்தும் பாருங்கள், ஏனென்றால் ரேம் (வேலை நடக்கும்போது தகவலைத் தற்காலிகமாக வைத்திருக்கும் மெமரி) கெட்டுப்போன கம்ப்யூட்டரில் காப்பி எடுக்கும்போதே ஃபைல் கெட்டுப்போகலாம். அதே காரணத்துக்காக, காப்பி எடுத்தாயிற்று என்று ஒரிஜினலை அழித்துவிடாதீர்கள்.

இரண்டாவது, பிட்லாக்கர் கீ. புது லேப்டாப்களில் நமக்குத் தெரியாமலேயே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருள்) எதையாவது மாற்றினாலோ, பின்னால் சொல்லப்போகும் சேஃப் மோடுக்குப் போனாலோ திடீரென்று 48 இலக்க எண்ணைக் கேட்கும். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் இருக்கும், இப்போதே லாகின் செய்து ஒரு பேப்பரில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கேட்கும்போது தேடினால் அக்கவுண்ட் பாஸ்வேர்டும் மறந்துபோயிருக்கும், அனுபவம்.

திரையை நிற்க வையுங்கள், குறித்து வையுங்கள்

நீலத்திரை வந்து படிப்பதற்குள் ரீஸ்டார்ட் ஆகிவிடுகிறது என்பதுதான் எல்லோரும் சொல்லும் முதல் புகார். அதை நிறுத்தலாம். செட்டிங்ஸ் போய், சிஸ்டம், அதில் கடைசியில் அபவுட், அங்கே அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ். வரும் சின்னப் பெட்டியில் 'ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி' என்ற பகுதிக்குக் கீழே உள்ள செட்டிங்ஸ் பட்டனை அழுத்தினால் 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' என்று ஒரு டிக் இருக்கும். அதை எடுத்துவிடுங்கள். இனி நீலத்திரை வந்தால் நீங்களாக பவர் பட்டனை அழுத்தும் வரை அப்படியே நிற்கும். ஃபோனில் ஒரு படம் எடுங்கள்.

அந்தத் திரையில் 'ஸ்டாப் கோடு' என்று ஒரு வரி இருக்கும், அதுதான் முக்கியம். சில நேரம் அதற்குக் கீழே 'வாட் ஃபெயில்டு' என்று ஒரு ஃபைல் பெயரும் வரும். அது வந்தால் அதிர்ஷ்டம்.

இதோடு நான் செய்த இன்னொரு வேலைதான் எனக்கு வழி காட்டியது. தினசரி காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் ஒவ்வொரு தடவையும் எழுதினேன். ராசிபலனுக்குப் பின்னால் பென்சிலில் இப்படி இருந்தது:

இரவு 8.40. குரோமில் பாட்டு. மெமரி மேனேஜ்மென்ட்.
காலை 10.15. எக்செல் மட்டும். ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல்.
அதே நாள் மதியம். ஒன்றும் செய்யவில்லை, சாப்பிடப் போயிருந்தேன். பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா.
இரவு 9. பையன் கேம். மறுபடி மெமரி மேனேஜ்மென்ட்.

நான்கு தாளை மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: வேலை வேறு, நேரம் வேறு, கோடும் வேறு. ஒரு குறிப்பிட்ட மென்பொருளோ டிரைவரோ காரணமாக இருந்தால் இப்படிக் கலைந்து வராது. ஒரே கோடு, ஒரே மாதிரி வேலையின்போது வந்தால் முதலில் டிரைவரைச் சந்தேகப்படுங்கள். ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு கோடு, சும்மா இருக்கும்போதும் வருகிறது என்றால் ரேம், பவர், சூடு என்று பாகங்களின் பக்கம் திரும்புங்கள். நூற்றுக்கு நூறு விதி இல்லை. ஆனால் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்பவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியாது.

குறிக்க மறந்துவிட்டீர்களா? கம்ப்யூட்டரே குறித்து வைத்திருக்கும். ஸ்டார்ட் மெனுவில் ஆங்கிலத்தில் 'ரிலையபிலிட்டி' என்று தட்டினால் 'வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி' வரும். நாள்வாரியாக ஒரு வரைபடம், கிராஷ் ஆன நாளில் சிவப்புப் பெருக்கல் குறி. அதே இடத்தில் எந்த நாளில் எந்த மென்பொருள் போட்டீர்கள், எந்த அப்டேட் வந்தது என்பதும் இருக்கும். முதல் சிவப்புக் குறிக்கு முந்தைய நாள் என்ன நடந்தது என்று பாருங்கள். பாதிப் பேருக்கு விடை அங்கேயே கிடைத்துவிடும்.

யார் பெயர் வருகிறது?

ஒவ்வொரு நீலத்திரைக்கும் விண்டோஸ் ஒரு சின்ன ஃபைலை எழுதி வைக்கும். சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் 'மினிடம்ப்' என்ற ஃபோல்டரில் இருக்கும். நிர்சாஃப்டின் புளூஸ்க்ரீன்வியூ என்ற இலவச மென்பொருள் அதைத் திறந்து காட்டும். மைக்ரோசாஃப்டின் விண்டிபிஜி இன்னும் துல்லியமானது, ஆனால் புதியவர்களை மிரட்டும், முதல் நாளே அதற்குப் போக வேண்டாம்.

ஃபோல்டர் காலியாக இருந்தால், சி டிரைவில் இடம் இல்லாமல் இருக்கலாம், யாராவது 'ஸ்பீடு கூடும்' என்று சொல்லிப் பேஜ் ஃபைலை (ரேமுக்குத் துணையாக விண்டோஸ் டிஸ்க்கில் எடுத்துக்கொள்ளும் இடம்) நிறுத்தியிருக்கலாம், அல்லது ஏதாவது கிளீனர் மென்பொருள் துடைத்துப் போட்டிருக்கலாம். கிளீனர் மென்பொருள்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயமே கிடையாது, எடுத்துவிடுங்கள்.

இந்தப் பட்டியலில் 'என்டிஓஎஸ்கர்னல்' என்ற பெயர் அடிக்கடி வரும். அதுதான் குற்றவாளி என்று நிறையப் பேர் விண்டோஸை மறுபடி போடக் கிளம்பிவிடுகிறார்கள். அது கர்னலேதான். வீட்டில் திருட்டுப் போனதைப் பார்த்துச் சத்தம் போட்டவனையே பிடித்துக் கட்டி வைப்பது மாதிரி. அதை விட்டுவிட்டு மற்ற பெயர்களைப் பாருங்கள். 'என்வி' என்று தொடங்கினால் பெரும்பாலும் என்விடியா கிராபிக்ஸ், 'ஏஎம்டி' என்று தொடங்கினால் ஏஎம்டி, 'ஆர்டி' என்றால் பெரும்பாலும் ரியல்டெக், 'நெட்டபிள்யூ' என்று வந்தால் இன்டெல் வைஃபை. பெயர் புரியவில்லையென்றால் அப்படியே கூகுளில் போடுங்கள்.

ஸ்டாப் கோடுகளில் அடிக்கடி வருபவை சிலவற்றை மட்டும் சொல்கிறேன். மெமரி மேனேஜ்மென்ட் என்றால் ரேமைப் பார். கர்னல் டேட்டா இன்பேஜ் எரர் என்றால் டிஸ்க்கையும் அதன் கேபிளையும் பார். வீடியோ டிடிஆர் ஃபெய்லியர் என்றால் கிராபிக்ஸ் டிரைவரோ கார்டோ பதில் சொல்லாமல் தொங்கிவிட்டது. டிரைவர் ஐஆர்க்யூஎல் என்று தொடங்கினால் பெயரிலேயே விடை இருக்கிறது. வியா அன்கரெக்டபிள் எரர் என்றால் பாகக் கோளாறு என்று பிராசசரே புகார் செய்கிறது, சூடு, வோல்டேஜ், ஓவர்கிளாக் (பாகத்தை அதற்குரிய வேகத்துக்கு மேல் ஓட்டுவது) இந்தப் பக்கம் போக வேண்டும். கிரிட்டிகல் பிராசஸ் டைடு கொஞ்சம் குழப்பமானது, கெட்டுப்போன விண்டோஸ் ஃபைலாகவும் இருக்கலாம், சாகக் கிடக்கும் எஸ்எஸ்டியாகவும் இருக்கலாம்.

ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்று

இனிமேல் செய்வதற்கெல்லாம் ஒரே நிபந்தனை. ஒன்றை மாற்றுங்கள், இரண்டு மூன்று நாள் ஓட விடுங்கள், அப்புறம் அடுத்தது. டிரைவரையும் ரேமையும் கேபிளையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மாற்றினால் சரியாகலாம், ஆனால் எதனால் சரியானது என்று தெரியாது, திரும்ப வந்தால் மறுபடி முதலிலிருந்து.

மென்பொருள் பக்கம் சந்தேகம் இருந்தால், கடைசியாகச் சேர்த்ததை முதலில் எடுங்கள். புது பிரிண்டர், புது யூஎஸ்பி வைஃபை, புது ஆன்டிவைரஸ், கேமுக்கான ஏதோ ஒன்று. ஆன்டிவைரஸ் இரண்டு வைத்திருக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன, ஒன்று போதும், விண்டோஸோடு வரும் டிஃபெண்டரே வீட்டுக்குப் போதும் என்பது என் கருத்து. விண்டோஸ் அப்டேட்டுக்கு அடுத்த நாளிலிருந்து தொடங்கியிருந்தால் செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட், அப்டேட் ஹிஸ்டரி, கீழே அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்.

டிரைவர் என்றால் ஸ்டார்ட் பட்டன் மீது ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜர். சந்தேகப்படும் பொருளின் பிராப்பர்ட்டீஸில் டிரைவர் என்ற பகுதியில் 'ரோல் பேக் டிரைவர்' பட்டன் இருக்கும். அது மங்கலாக இருந்தால் பழைய டிரைவர் இல்லை என்று அர்த்தம், அப்போது லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்து உங்கள் மாடல் எண்ணுக்கான டிரைவரை இறக்கிப் போடுங்கள். தானாக எல்லா டிரைவரையும் அப்டேட் செய்து தருகிறோம் என்று வரும் மென்பொருள்கள் பக்கமே போகாதீர்கள். என் அக்கா மகள் லேப்டாப்பில் வீடியோ கால் பேசும்போது மட்டும் நீலத்திரை வந்தது, வைஃபை டிரைவரை ஒரு படி பின்னால் கொண்டுபோனதும் நின்றது. மொத்த வேலை 5 நிமிடம். அதற்கு முன் 3 வாரம் அவள் கேமராவைக் குறை சொல்லிக்கொண்டிருந்தாள்.

விண்டோஸ் உள்ளேயே போக விடவில்லையா? லாகின் திரை வரை வந்தால், ஷிஃப்ட் கீயைப் பிடித்துக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுங்கள். அதுவும் வரவில்லையென்றால், விண்டோஸ் ஏறும்போதே பவர் பட்டனை அழுத்திப் பிடித்து நிறுத்துங்கள், இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்தால் தானாக ரிப்பேர் திரை வரும். அங்கே டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட், பிறகு எண் 4. இதுதான் சேஃப் மோட், அவசியமான டிரைவர்களோடு மட்டும் ஏறும். சேஃப் மோடில் 2 மணி நேரம் ஒன்றும் ஆகாமல் ஓடினால் பாகங்கள் பெரும்பாலும் நன்றாக இருக்கின்றன, டிரைவர் பக்கம் தேடுங்கள். அங்கேயும் விழுந்தால் சந்தேகம் பாகங்கள் மீது.

ரேம்

எங்கள் வீட்டுக் கதை இங்கேதான் முடிந்தது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

விண்டோஸிலேயே ஒரு சோதனை இருக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் 'மெமரி' என்று ஆங்கிலத்தில் தட்டினால் 'விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்' வரும். ரீஸ்டார்ட் ஆகிச் சோதிக்கும். சோதனை ஓடும்போது எஃப்1 அழுத்தி 'எக்ஸ்டெண்டட்' தேர்ந்தெடுங்கள், சாதாரணச் சோதனை மேலோட்டமானது. எனக்கு அந்தச் சாதாரணச் சோதனை 'ஒரு குறையும் இல்லை' என்றுதான் சொன்னது. அதை நம்பி ஒரு வாரம் வீணாக்கினேன். பிழை இருக்கிறது என்று அது சொன்னால் நம்பலாம், இல்லை என்று சொன்னால் அரைமனதோடு நம்புங்கள்.

உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் மெம்டெஸ்ட்86. இலவசப் பதிப்பே போதும். ஒரு பென் டிரைவில் எழுதி (பென் டிரைவில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், கவனம்) விண்டோஸுக்குப் பதிலாக அதிலிருந்து கம்ப்யூட்டரை பூட் செய்ய (ஏற்ற) வேண்டும். 4 சுற்று ஓடும். 16 ஜிபி ரேமுக்குப் பல மணி நேரம் ஆகும், இரவில் போட்டுவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் ஒரே ஒரு பிழை இருந்தாலும் அது பிழைதான், ஒன்றுதானே என்று விடக்கூடாது.

பிழை வந்தால், அல்லது பென் டிரைவ் வேலையெல்லாம் சிரமம் என்றால், ரேமைக் கழற்றிப் பாருங்கள். ஷட்டவுன் செய்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை 10 விநாடி அழுத்திப் பிடியுங்கள், மிச்சமிருக்கும் கரண்ட் வடிந்துவிடும். கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றுங்கள். கேபினெட்டின் பெயின்ட் அடிக்காத இரும்பை ஒரு தடவை தொடுங்கள், கையில் இருக்கும் ஸ்டாட்டிக் போகட்டும். ரேமின் ஓரத்தில் இருக்கும் கிளிப்பை வெளிப்பக்கம் தள்ளினால் பலகை லேசாக மேலே எழும்பும். ஓரத்தைப் பிடித்து எடுங்கள், தங்க நிறப் பற்களில் விரல் படக்கூடாது.

அழிரப்பரால் அந்தப் பற்களைத் தேய்ப்பது நம் ஊர் மெக்கானிக்குகளின் பழைய வித்தை. மிருதுவான வெள்ளை ரப்பராக இருந்து, மெல்லத் தேய்த்து, தூளைத் துடைத்துவிட்டால் தப்பில்லை. ஆனால் பாதி நேரம் வேலை செய்வது ரப்பர் இல்லை, கழற்றி ஒழுங்காகத் திரும்ப மாட்டியதுதான். மாட்டும்போது நடுவிலுள்ள வெட்டு பொருந்துகிறதா என்று பார்த்து, இரண்டு ஓரத்திலும் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். 'டக்' என்று சத்தம் வந்து கிளிப் தானாக மூட வேண்டும். முதல் தடவை மதர்போர்டு உடைந்துவிடுமோ என்று பயமாகத்தான் இருக்கும், அந்த அளவுக்கு அழுத்தம் கொடுக்க வேண்டியிருக்கும்.

இரண்டு ரேம் இருந்தால் ஒன்றை மட்டும் போட்டு ஓட்டுங்கள், அப்புறம் மற்றதை. நான்கு ஸ்லாட் உள்ள மதர்போர்டில் ஒரே ரேம் என்றால் பெரும்பாலும் பிராசசரிலிருந்து இரண்டாவது ஸ்லாட், மதர்போர்டு புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். என்னுடையதில் முதல் ரேம் இரவு முழுக்க ஓடியும் ஒரு பிழையும் இல்லை. இரண்டாவதைப் போட்டேன், காபி ஆற்றிக்கொண்டு வந்து பார்க்கிறேன், திரை முழுக்கச் சிவப்பு வரிகள். ஸ்லாட்தான் கெட்டதோ என்று அதே ரேமை வேறு ஸ்லாட்டில் போட்டேன், அங்கேயும் சிவப்பு. நல்ல ரேமை இந்த ஸ்லாட்டில் போட்டேன், சுத்தம். அவ்வளவுதான், ஆளைப் பிடித்தாயிற்று.

இரண்டு தடவை ஃபார்மட் போட்டபோதும் ஏன் 2 நாள் நன்றாக ஓடியது என்பதும் அப்போது புரிந்தது. புது விண்டோஸில் அதிகம் ஒன்றும் இல்லை, ரேமின் கெட்டுப்போன பகுதி வரை வேலை போகவில்லை. நாம் மென்பொருளெல்லாம் போட்டு, குரோமில் 20 பக்கம் திறந்ததும் அந்த இடத்தைத் தொட்டுவிடுகிறது.

ரேமை வாங்கி 3 வருடம் தாண்டிவிட்டது, இனி வாரண்டி இருக்காது என்று புதிது வாங்கக் கிளம்பினேன். பழைய டப்பாவைத் தேடி எடுத்துப் பார்த்தால் 10 வருடம் என்று போட்டிருந்தது. மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். ரேம் மீதுள்ள ஸ்டிக்கரைக் கிழிக்காதீர்கள், அதில்தான் சீரியல் நம்பர் இருக்கிறது.

லேப்டாப்காரர்களுக்கு: மெலிதான லேப்டாப்கள் பலவற்றில் ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், கழற்ற முடியாது. சோதனை மட்டும் ஓட்டுங்கள், பிழை வந்தால் சர்வீஸ் சென்டர்தான்.

அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் என்றால் இன்னொன்று. பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்று ரேமை வேகமாக ஓட்டும் வசதியை ஆன் செய்து கொடுத்திருப்பார்கள். அதை ஆஃப் செய்து 3 நாள் பாருங்கள். நின்றுவிட்டால் ரேம் கெடவில்லை, அந்த வேகம்தான் ஒத்துக்கொள்ளவில்லை. கொஞ்சம் குறைந்த வேகத்தில் வைத்துக்கொண்டால் போதும், கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் எதுவும் வராது.

டிஸ்க், சூடு, கரண்ட்

டிஸ்க்குக்கு கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள். திறந்ததும் 'குட்' என்று நீலமாக இருந்தால் நல்லது, மஞ்சளில் 'காஷன்' என்றால் இன்றே பேக்கப், சிவப்பு என்றால் பேக்கப் எடுக்கும் வரை வேறு எந்த வேலையும் அதில் செய்யாதீர்கள். நீலமாக இருந்தும் டிஸ்க் தொடர்பான கோடுதான் வருகிறது என்றால் டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள், 100 ரூபாய்க்குக் கிடைக்கும். கேபிள் தளர்ந்து நீலத்திரை வந்ததை நான் இரண்டு வீட்டில் பார்த்திருக்கிறேன்.

சூட்டுக்கு எச்டபிள்யூமானிட்டர் போன்ற ஏதாவது ஒன்று. டெஸ்க்டாப் சும்மா இருக்கும்போதே பிராசசர் 70 டிகிரியைத் தாண்டினால் ஃபேனில் தூசி அடைத்திருக்கிறது, அல்லது பிராசசரின் சூட்டை வெளியே கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்துவிட்டது. லேப்டாப் வேலை செய்யும்போது 90 தொடுவது சகஜம், அதற்குப் பயப்பட வேண்டாம், 100ஐ ஒட்டியே நின்றால்தான் பிரச்சனை. புளோயரால் தூசி தட்டும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றில் அதிவேகமாகச் சுற்றி பேரிங் போய்விடும். மெத்தை மேல் லேப்டாப் வைக்காதீர்கள் என்று சொன்னால் யாரும் கேட்பதில்லை, இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

கரண்ட் விஷயத்தில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். நீலத்திரையே வராமல் பட்டென்று அணைந்து மறுபடி ஏறுவது வேறு நோய். விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம் போனால் 'கர்னல் பவர் 41' என்று சிவப்பில் ஒரு பதிவு இருக்கும். அது சொல்வது ஒன்றே ஒன்றுதான்: போன தடவை கம்ப்யூட்டர் ஒழுங்காக ஷட்டவுன் ஆகவில்லை. அதன் டீட்டெய்ல்ஸ் பகுதியில் 'பக்செக்கோடு' என்பது 0 என்று இருந்தால் நீலத்திரை பதிவாகவில்லை, கரண்ட், யூபிஎஸ், எஸ்எம்பிஎஸ் (கேபினெட்டுக்குள் பாகங்களுக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி), சூடு இந்தப் பக்கம் பாருங்கள். வேறு எண் இருந்தால் அது நீலத்திரைதான். கேம் ஆடும்போது மட்டும் இப்படி அணைகிறது என்றால் கிராபிக்ஸ் கார்டு கேட்கும் கரண்டை எஸ்எம்பிஎஸ்ஸால் கொடுக்க முடியவில்லை என்று சந்தேகப்படலாம். தெரிந்தவரிடம் நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றை 2 நாள் கடன் வாங்கி மாட்டிப் பாருங்கள். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஷாக் அடிக்கும் அளவுக்குக் கரண்ட் தங்கியிருக்கும்.

இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர் வைத்திருப்பவர்கள் கூடுதலாக ஒன்றைப் பார்க்க வேண்டும். அவற்றில் சில மாடல்கள் அதிக வோல்டேஜால் நாளடைவில் கெட்டுப்போவதை இன்டெல்லே 2024ல் ஒப்புக்கொண்டு, பயாஸ் அப்டேட் வழியாகத் திருத்தம் கொடுத்தது, வாரண்டியையும் 2 வருடம் நீட்டித்தது. அப்டேட் இனிமேல் கெடாமல் தடுக்கும், ஏற்கெனவே கெட்டதைச் சரிசெய்யாது. பயாஸ் அப்டேட் செய்யும்போது கரண்ட் போகக்கூடாது, யூபிஎஸ் இல்லாமல் அந்த வேலையில் இறங்காதீர்கள்.

விண்டோஸைச் சரிசெய்வது

பாகங்கள் எல்லாம் நன்றாக இருக்கின்றன என்று தெரிந்த பிறகுதான் இது. வரிசை மாறினால், கெட்ட ரேமை வைத்துக்கொண்டு நல்ல விண்டோஸைப் போடுகிறோம், போடும்போதே ஃபைல் கெட்டுப் போகும்.

கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, ஆங்கிலத்தில் எஸ்எஃப்சி என்ற 3 எழுத்து, ஒரு இடைவெளி, ஒரு முன்சாய்கோடு, அதை ஒட்டி ஸ்கேன்நவ் என்று ஒரே சொல்லாகத் தட்டி என்டர் கொடுங்கள். கெட்டுப்போன விண்டோஸ் ஃபைல்களைத் தேடிச் சரிசெய்யும். அது போதவில்லையென்றால், விண்டோஸ் 11ல் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி போனால் 'ஃபிக்ஸ் பிராப்ளம்ஸ் யூசிங் விண்டோஸ் அப்டேட்' என்று ஒன்று இருக்கிறது, பக்கத்தில் 'ரீஇன்ஸ்டால் நவ்' பட்டன். உங்கள் ஃபைல், மென்பொருள், செட்டிங் எதையும் தொடாமல் விண்டோஸை மட்டும் மறுபடி போட்டுக்கொள்ளும். இவ்வளவு நல்ல வசதி இருப்பது நிறையப் பேருக்குத் தெரியாது.

டிரைவர் வெரிஃபையர் என்ற ஒன்றைப் பற்றி யூடியூபில் பார்த்திருப்பீர்கள். அது டிரைவர்களை வேண்டுமென்றே நெருக்கி நீலத்திரையை வரவழைக்கும் கருவி. கம்ப்யூட்டர் ஏறவே முடியாமல் சுற்றிக்கொண்டிருக்கும் நிலைக்குக் கொண்டுபோய்விடலாம். புதியவர்களுக்கு வேண்டாம்.

கடைக்குப் போகத்தான் வேண்டுமென்றால்

போகலாம், தப்பில்லை. மதர்போர்டோ பிராசசரோ கெட்டிருக்கிறது என்று தோன்றினால் வீட்டில் மாற்றிப் பார்க்க நம்மிடம் உதிரிப் பாகம் கிடையாது. ஆனால் 'அடிக்கடி நீலமா வருது' என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டு வராதீர்கள், அப்படிச் சொன்னால் ஃபார்மட்தான் நடக்கும். எடுத்த ஃபோட்டோக்கள், குறித்த தாள்கள், "ரேம் இரவு முழுக்கச் சோதித்தேன் பிழையில்லை, டிஸ்க் நன்றாக இருக்கிறது, சேஃப் மோடிலும் விழுகிறது" என்ற 3 வரி, இதைக் கொடுங்கள். அதைப் பார்த்ததும் கடையில் பேச்சே மாறுவதைக் கவனித்திருக்கிறேன். பாகம் மாற்றினால் பழையதைத் திரும்பக் கேட்டு வாங்குங்கள், பில்லில் புதியதன் சீரியல் நம்பரை எழுதச் சொல்லுங்கள்.

கோளாறு தீர்ந்து இரண்டு வாரம் ஒன்றும் வரவில்லையென்றால், முதலில் எடுத்துவிட்ட அந்த 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' டிக்கை மறுபடி போட்டுவிடுங்கள். சோதனைக்காக ஆஃப் செய்த எக்ஸ்எம்பியையும் இப்போது ஆன் செய்து பார்க்கலாம். அதற்கும் 3 நாள் கொடுங்கள், காலண்டர் தாளில் தேதியைக் குறித்துவிட்டு.